சால்வை போட்ட பிறகு மனு எங்கே போகிறது?

கேள்வி: கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். எங்கள் தொழில் சங்கத்தில் இதுவரை சந்தா மட்டும் கட்டி வந்த என்னை இந்த முறை இணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்கு மூன்று சந்தேகம். அமைச்சர் யார் வந்தாலும் சால்வை போட்டு, மனு கொடுத்து, படம் எடுத்துக்கொள்கிறோம். இதனால் ஏதாவது நடக்கிறதா? 'சென்னை, டெல்லி வேலைக்கு' என்று சிறப்பு நிதி வசூலிக்கப் போகிறார்கள். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். மூன்றாவது, சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற வருமான வரி விதியைத் தளர்த்தக் கேட்டு ஒரு மனு தயாராகிறது. எனக்குப் பாக்கி வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகள் எங்கள் சங்கத்திலேயே உறுப்பினர்கள். நான் கையெழுத்துப் போடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: மூன்றாவதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கிற வடிவில் அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அதைத் துறை துறையாகப் பின்தொடர்வதுதான் என் பிழைப்பு. அதனால் உங்கள் முதல் கேள்வியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

அமைச்சர் கையில் கொடுத்த மனு அடுத்த நிமிடம் உதவியாளர் கைக்குப் போய்விடும். சென்னை திரும்பியதும் அது சம்பந்தப்பட்ட துறைச் செயலாளருக்கு அனுப்பப்படும். அங்கிருந்து துணைச் செயலாளர், சார்புச் செயலாளர், பிரிவு அலுவலர் என்று கீழே இறங்கி, உதவிப் பிரிவு அலுவலர் மேஜையில் வந்து உட்காரும். கோப்பு பிறக்கும் இடம் அதுதான். அவர் எழுதுகிற குறிப்புதான் மறுபடியும் படிப்படியாக மேலே ஏறும். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இதே கோரிக்கை முன்பு வந்ததா, அப்போது என்ன பதில் சொன்னோம்? கொடுத்தால் அரசுக்கு எவ்வளவு வருவாய் போகும்? கொடுத்தால் வேறு யார் கொடி பிடிப்பார்கள்? மனுவில் இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அவர் உட்கார்ந்து தேட மாட்டார். தேட நேரமும் இருக்காது. 'தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதாக இல்லை' என்று ஒரு கடிதம் வரும், வந்தால்.

அதற்காகச் சால்வை வீண் என்று சொல்ல மாட்டேன். அமைச்சர் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு சீக்கிரம் நகரும். ஆனால் உள்ளே சரக்கில்லாத கோப்பு சீக்கிரம் நகர்ந்தால் சீக்கிரம் மூடப்படும், அவ்வளவுதான்.

வரி விஷயம் என்றால் பாதை இன்னும் நீளம். ஜிஎஸ்டி விகிதத்தை மாநில அமைச்சரோ ஒன்றிய நிதியமைச்சரோ தனியாகக் குறைக்க முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கவுன்சிலுக்குப் போகும் முன்பே இரு தரப்பு வருவாய் அதிகாரிகளும் உட்கார்ந்து விகிதங்களை அலசும் பிட்மென்ட் கமிட்டி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கோரிக்கைகள் பிழைப்பதும் சாவதும் அங்கேதான். ஆகவே கோவைக்காரர் வரி குறைக்க நினைத்தால், டெல்லிக்கு விமானம் ஏறுவதற்கு முன் சென்னையில் வணிகவரித் துறை ஆணையர் அலுவலகப் படியை ஏற வேண்டும். நம் மாநில அதிகாரி அந்தக் கமிட்டியில் வாயைத் திறந்து பேசுவாரா என்பதுதான் கேள்வி.

உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வெட் கிரைண்டருக்கு 28 சதவீதம். ஏசி, கார் எல்லாம் இருந்த உச்ச வரிசையில் மாவு ஆட்டும் இயந்திரமும். கோவைச் சங்கங்கள் கொதித்தன. அந்த நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய கவுன்சில் 12 ஆக்கியது. (அன்று 28-ல் இருந்து நேராக 12-க்கு இறங்கியவை இரண்டே இரண்டு: கல் வைத்த வெட் கிரைண்டர், டாங்கி முதலான ராணுவக் கவச வாகனங்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.) 2019 செப்டம்பரில் கோவாவில் கூடியபோது 12 மறுபடி இறங்கி 5 ஆனது. உங்களைப் போன்ற பட்டறைகளின் பொறியியல் ஜாப் ஒர்க் வரி 18-ல் இருந்து 12 ஆனதும் அதே கூட்டத்தில்தான். மனு போட்டால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய கவுன்சில் கிரைண்டரை 5-ல் இருந்து ஒரே தாவலில் 18-க்கு ஏற்றியது. தண்ணீர் பம்புகளும் 12-ல் இருந்து 18-க்குப் போயின. ஜூலை 18 முதல் அமல். சொன்ன காரணம், தலைகீழ் வரி அமைப்பைச் சரிசெய்கிறோம் என்பது. வாங்கும் மோட்டாருக்கும் ஸ்டீலுக்கும் 18 கட்டிவிட்டு விற்கும் கிரைண்டருக்கு 5 வசூலித்தால், கட்டிய வரி வரவாகத் தேங்கி நிற்கும். ரீஃபண்டுக்கு அலைய வேண்டும். அந்தத் தேக்கத்தை அரசு தன் வழியில் தீர்த்தது. 5 சதவீதம் என்ற வெற்றிக்குள்ளேயே இந்த வாதம் உட்கார்ந்திருந்தது. 'விகிதத்தைக் குறை' என்று கேட்கும் சங்கம், குறைந்தபின் உறுப்பினர் கணக்கில் என்ன தேங்கும், இரண்டு வருடம் கழித்து அதைக் காட்டி யார் எதை உருவுவார்கள் என்பதையும் மேஜையில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசும் செயற்குழுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேரம் பற்றியும் ஒன்று. 2021 நவம்பரில், புத்தாண்டு முதல் ஜவுளிக்கும் செருப்புக்கும் ஒரே மாதிரி 12 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. சூரத்திலிருந்து தமிழ்நாடு வரை ஜவுளிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதைவிட முக்கியம், அவரவர் மாநில நிதியமைச்சரைப் பிடித்தார்கள். குஜராத், ராஜஸ்தான், மேற்கு வங்கம், டெல்லி, தமிழ்நாடு என்று கட்சி வித்தியாசம் இல்லாமல் எதிர்ப்பு வந்தது. டிசம்பர் 31 அன்று கவுன்சில் கூடி ஜவுளி உயர்வை ஒத்திவைத்தது. செருப்பு உயர்வு மறுநாள் அமலுக்கு வந்தது. இரண்டும் ஏழைகள் வாங்கும் பொருள்தான், இரண்டிலும் சிறு பட்டறைகள்தான். ஜவுளிக்கு ஐந்தாறு மாநிலங்களில் குரல் இருந்தது; செருப்புக்கு அந்த அளவு இல்லை என்பது என் கணிப்பு. உங்கள் சங்கம் தனியாக டெல்லி போவதைவிட குஜராத்தின் ராஜ்கோட் பம்பு உற்பத்தியாளர்களோடு சேர்ந்து ஒரே வாசகத்தில் இரண்டு மாநிலத்திலும் மனு கொடுப்பது பலன் தரும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மனு எப்படி இருக்க வேண்டும்? பதினேழு கோரிக்கை வைத்த மனுவை நான் வாங்கிப் பார்த்தாலே திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'சாலை வசதி, விமான நிலைய விரிவாக்கம், ஜிஎஸ்டி, தெருநாய்' என்று எல்லாம் ஒரே தாளில் இருந்தால் அது எந்த மேஜைக்கும் சொந்தமில்லை. ஒரு துறைக்கு ஒரு மனு, இரண்டு பக்கம் போதும். எந்த அரசாணையில், எந்த அறிவிக்கையில், எந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு, மாற்றிய வாக்கியத்தை நீங்களே எழுதி இணையுங்கள். பொருள் என்றால், ஜிஎஸ்டியில் அதை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண் கட்டாயம். அதிகாரி அப்படியே எடுத்துக் குறிப்பில் ஒட்டும்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எண் ஒன்றே ஒன்று வைத்தால் போதும், அது நெஞ்சில் தைக்க வேண்டும். 2022 மின் கட்டண உயர்வுக்குப் பிறகு சிறு தொழில் சங்கங்கள் மேடைக்கு மேடை சொன்னது நினைவிருக்கும்: 112 கிலோவாட் இணைப்புக்கு மாத நிலைக்கட்டணம் 3,920 ரூபாயாக இருந்தது, சுமார் 17,200 ஆகிவிட்டது. 'கட்டணம் கடுமையாக உயர்ந்துள்ளது' என்று பத்து பக்கம் எழுதினாலும் இந்த ஒரு வரி செய்யும் வேலையைச் செய்யாது. 2023 செப்டம்பர் 25-ல் ஒருநாள் கதவடைப்பில் நீங்களும் ஷட்டரை இறக்கியிருப்பீர்கள். கொஞ்சம் சலுகை கிடைத்தது, கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மின் கட்டணத்தைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் இடம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அங்கே மின் வாரியம் போடும் கட்டண மனுவின் மீது எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், கருத்துக்கேட்பில் எழுந்து பேசலாம். யார் சிபாரிசும் வேண்டாம். அங்கே போய் 'உயர்த்தாதீர்கள்' என்று முழங்குவதைவிட உறுப்பினர்கள் நாற்பது பேருடைய பில்லை அட்டவணையாக வைப்பது மேல். ஆணை வந்தபின் உண்ணாவிரதம் இருப்பதைவிட ஆணைக்கு முன் நாற்பது பில் சேகரிப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். உறுப்பினர் பில்லைக் காட்ட மாட்டார்; இணைச் செயலாளராக உங்கள் முதல் தலைவலி அதுவாகத்தான் இருக்கும்.

எண்ணுக்குப் பதில் ஒரு காட்சியும் வேலை செய்யும். 2024 செப்டம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் கோவையில் தொழில்துறையினரைச் சந்தித்தபோது உங்கள் ஊர் ஹோட்டல்காரர் ஒருவர் பேசியது நாடு முழுக்கப் போனது. வெறும் பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம். வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னார். அப்புறம் நடந்த வேண்டாத சர்ச்சையை விடுங்கள். வரிக் குழப்பத்தை அரை நிமிடத்தில் அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல், கேக், பேஸ்ட்ரி போன்ற பேக்கரிப் பொருட்கள் 18-ல் இருந்து 5-க்கு வந்தன. அவர் பேசியதால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். அன்று நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு மொத்தமாக வரி மாறியது. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். வரி எப்போது குறைந்தாலும் 'எங்கள் தொடர் முயற்சியால்' என்று நான்கு சங்கங்கள் பேனர் வைக்கும். நான் எழுதிய மனுக்களில் எது எதனால் பலித்தது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. பேனரைப் பார்த்துச் சங்கத்தை எடை போடாதீர்கள்.

சரி, சிறப்பு நிதி. சிரிப்பு எனக்கும் பிடிக்கவில்லை. நியாயமான செலவு நிறையவே இருக்கிறது: போக்குவரத்து, தங்குமிடம், கணக்காளரை வைத்துக் கணக்கெடுக்கும் செலவு, என்னைப் போன்றவர்களின் கட்டணம், ரிட் போட வேண்டி வந்தால் வக்கீல் பீஸ். இவற்றுக்கெல்லாம் பில் உண்டு. பில் இருக்கும் செலவுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். செயற்குழுவில் நீங்கள் கேட்க வேண்டியது: இந்த நிதிக்குத் தனித் தீர்மானம் உண்டா, தனி வங்கிக் கணக்கா, ரசீது தருகிறோமா, ஆடிட் ஆகிப் பொதுக்குழுவில் வைக்கப்படுமா? சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால் கணக்கைத் தணிக்கை செய்வது உங்கள் விருப்பம் இல்லை, கடமை. 'சிலதுக்கெல்லாம் ரசீது வாங்க முடியாதுங்க' என்று யாராவது சொன்னால் உங்கள் எதிர்ப்பை மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்று தப்ப வேண்டுமானால் ஏழு நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்காவில் லாபி செய்பவர் பதிவு செய்து, யாருக்காக, எவ்வளவு பணத்துக்கு என்று கணக்குக் காட்ட 1995-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. எனவே நாளைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது உங்கள் மினிட்ஸ் புத்தகம் ஒன்றுதான்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அரசிடம் சேர்ந்து கேட்பதற்குத்தான் சங்கம். 'ஒன்றாம் தேதியில் இருந்து எல்லோரும் கூலியை இத்தனை ரூபாய் ஏற்றிவிடுவோம்' என்று அதே கூட்டத்தில் முடிவெடுத்தால் அது, கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும். சிமென்ட் வழக்கில் போட்டி ஆணையம் கம்பெனிகளோடு அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்தே அபராதம் விதித்தது. நிலைமையைப் பேசுங்கள், மூலப்பொருள் விலையைப் பேசுங்கள்; கூலி விகிதத்தை அவரவர் பட்டறையில் முடிவு செய்யட்டும்.

இப்போது அந்த 45 நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ம் வருடக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. யாரும் பயப்படவில்லை. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள்: கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2024 மார்ச் முடிவுக் கணக்கில் அது கடித்தது. அதன்பிறகுதான் வாங்குபவர்கள் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தள்ளிவையுங்கள், தளர்த்துங்கள் என்று நாடெங்கும் வணிக அமைப்புகள் கேட்டன. அந்த வருட ஜூலை பட்ஜெட்டிலும் அரசு தளரவில்லை.

உங்கள் கம்பெனிக்காரர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவர்களுக்கு டீலரிடமிருந்து தொண்ணூறு நாளில் பணம் வருகிறது, உங்களுக்கு நாற்பத்தைந்தில் எப்படிக் கொடுப்பார்கள்? இந்த விதி பயமுறுத்தினால் ஆர்டரை நடுத்தர நிறுவனத்துக்கோ உத்யம் பதிவு (சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு) இல்லாதவருக்கோ மாற்றிவிடுவோம் என்ற பேச்சும் எழுந்தது. விதி குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். ஆனால் பாக்கி விஷயத்தில் சங்கத்தின் உண்மையான பயன் ஒன்று உண்டு. கோவையிலேயே இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழு இருக்கிறது, பாக்கிக்காரர் மேல் நீங்கள் புகார் கொடுக்கலாம். கொடுக்க மாட்டீர்கள், அடுத்த மாத ஆர்டர் போய்விடும். உங்கள் பெயர் வெளியே வராமல் அதைப் பேசக்கூடிய ஒரே இடம் சங்கம். அந்தச் சங்கமே எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டால் உங்களுக்காகப் பேச ஆளில்லை. மேலே சொன்ன உதவிப் பிரிவு அலுவலரின் மூன்றாவது கேள்வியையும் நினைத்துப் பாருங்கள். மனு கொடுத்த சங்கத்தின் உறுப்பினரில் பெரும்பாலானவர்கள் ஜாப் ஒர்க்காரர்கள் என்று தெரிந்தால், அந்த மனுவை அவர் எவ்வளவு மதிப்பார்?

அதனால் செயற்குழுவில் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லாமல் மாற்று மனு ஒன்றை வையுங்கள். டிரெட்ஸ் என்ற தளங்கள் இருக்கின்றன. வாங்குபவர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கி உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, தவணை நாளில் அவரிடம் வசூலித்துக்கொள்ளும். 500 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்ட கம்பெனிகள்தான் அதில் சேர வேண்டும் என்று இருந்ததை 2024-ல் 250 கோடியாக இறக்கினார்கள். உங்கள் ஊர் பம்பு கம்பெனிகளில் பல அதற்கும் கீழே இருக்கும். வரம்பை இன்னும் இறக்கு, சின்ன பில்லுக்கும் கட்டணத்தைக் குறை, வட்டியில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கட்டும் என்று கேட்டால் கம்பெனிக்காரரும் கையெழுத்துப் போடுவார், நீங்களும் போடலாம். வட்டி யார் தலையில் விழும் என்பதில் இரு தரப்பும் முட்டிக்கொள்ளும். அந்தச் சண்டையைச் சங்க அறைக்குள்ளேயே முடித்துவிட்டு மனுவை எழுதுங்கள். அவர்கள் ஒத்துவராமல் பழைய மனுவே போகுமானால், 'சிறு உறுப்பினர்கள் உடன்படவில்லை' என்ற வரி மினிட்ஸில் ஏற வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை. உங்களைப் போன்ற ஜாப் ஒர்க் உறுப்பினர்களிடம், கம்பெனிப் பெயர் எழுதாமல், எத்தனை நாள் பாக்கி, எவ்வளவு ரூபாய் என்று மட்டும் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போதே அவரவர் பில்லில் உத்யம் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாத பில்லைப் பார்த்து, 'இவர் சிறு நிறுவனம் என்றே எனக்குத் தெரியாது' என்று கம்பெனிக்காரர் சொல்லிவிடலாம்.